சாமானியன் நாடாண்டால்... நாடு சிறக்குமா? ஊர் சிரிக்குமா?

(ஏற்காடு மலை அடிவாரத்தில் நடைபெற்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் ‘நாடு சிறக்கும்’ என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கி முடித்துவிட்டு, ‘இவன் என்ன பேசிடப் போறான்’ என்று பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! மலைக்காற்று இப்படி வீசியும் கலையாமல் உட்கார்ந்திருக்கிற அடிவாரத்துப் பெருமக்களே! வீட்டில் மடியில் முறமும், முறத்தில் அவரைக்காயுமாக இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே!

நடுவர் ஐயா, எனக்கு முன்னால் பேசின வழக்கறிஞர் நண்பர் என்ன சொன்னார்? “இதோ எதிரே மலை. மலை மேலே ஏற்காடு. நடுவிலே 20 கொண்டை ஊசி வளைவு. ஓட்டத் தெரிஞ்ச டிரைவர்தான் பஸ்ஸை ஓட்டணும். பயணி ஒருத்தன் எந்திரிச்சு, ‘நானும் டிக்கெட் வாங்கியிருக்கேன், கொஞ்ச நேரம் நான் ஓட்டுறேன்’னு சொன்னா என்ன ஆகும்? பஸ் மேலே போகாது. உள்ளே இருக்கிறவங்க எல்லாரும் மேலே போயிடுவாங்க” என்றார். (சிரிப்பு) நீங்களும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நல்ல உதாரணம். ஆனா அது அவருடைய சொந்தச் சரக்கு இல்லீங்க. 2400 வருஷத்துக்கு முன்னாலேயே கிரேக்க நாட்டுப் பிளேட்டோ சொல்லிவிட்டுப் போனது. அவர் கப்பலை வச்சுச் சொன்னார். நம்ம வக்கீல் சேலத்துக்காரர், கப்பலுக்கு எங்கே போவார்? பஸ்ஸை வச்சுச் சொல்றார்! (சிரிப்பு, கைதட்டல்)

நான் கேட்கிறேன். வளைவிலே ஸ்டியரிங்கை எப்படி ஒடிக்கணும், எங்கே ஹாரன் அடிக்கணும், எப்போ கியரை மாத்தணும் - அது டிரைவர் வேலை. ஒப்புக்கொள்கிறேன். ஆனா பஸ் ஏற்காடு போகணுமா, ஓமலூர் போகணுமா? அதை முடிவு பண்றது யாருங்க? மலைக்கிராமத்துக்குக் காலையிலே எத்தனை மணிக்கு வண்டி வந்தா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மணி அடிக்கிறதுக்குள்ளே போய்ச் சேரும்? அது டிரைவருக்குத் தெரியுமா, அந்தப் பிள்ளையைப் பெத்தவளுக்குத் தெரியுமா? ஆட்சி என்றால் ஸ்டியரிங் பிடிக்கிறது மட்டுமில்லை. பஸ்ஸுக்கு முன்னால் மாட்டியிருக்கிறானே ஊர்ப் பலகை, அதை எழுதுறதுதான் ஆட்சி! ஏற்காடு போக ஏறினவனை ஓமலூரிலே கொண்டுபோய் இறக்கிவிட்டு, ‘பாருங்க, ஒரு குலுக்கல் இல்லாம எவ்வளவு நல்லா ஓட்டினேன்’னு சொன்னா, அந்த டிரைவருக்கு மாலையா போடுவீங்க? (பலத்த கைதட்டல்)

இந்தத் தலைப்பைக் கொடுத்த உடனே எனக்கு ஒரு நாவல் ஞாபகம் வந்தது. எழுத்தாளர் சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘என் இனிய இயந்திரா’. அப்போது நான் பள்ளிக்கூடம் முடிச்சு கல்லூரிக்குள்ளே காலெடுத்து வைக்கிற வயசு. எங்க தெருவுக்கே ஒரு விகடன்தான். நாலு வீடு சுத்தி எங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ளே கதை வர்ற பக்கத்திலே யாராவது காபி டம்ளரை வச்சு வட்டம் போட்டிருப்பாங்க. அந்த வட்டத்துக்குள்ளே என்ன எழுத்துன்னு ஊகிச்சு ஊகிச்சுப் படிச்சு வளர்ந்த தலைமுறை நாங்க. (சிரிப்பு) பிறகு தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. ஜீனோ என்று ஒரு இயந்திர நாய் வருமே, அது! இன்றைக்குத் தாத்தா பாட்டி ஆகிவிட்டவர்கள் சிலர் தலையாட்டுகிறார்கள், தெரிகிறது.

கதை எந்த வருஷத்தில் நடக்கிறது தெரியுமா? 2021, 2022. எழுதினபோது அது எதிர்காலம். இன்றைக்கு நமக்கு அது போன காலம்! அந்தக் கதையிலே நாட்டை ஆள்பவர் பெயர் ஜீவா. சர்வாதிகாரி. யாருக்கும் பெயர் இரண்டு எழுத்துக்கு மேலே இருக்கக் கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ... அவ்வளவுதான். நம்ம நடுவர் ஐயா பெயரை அங்கே சொன்னா முன்னால் இரண்டு எழுத்தை வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கருவூலத்திலே கட்டச் சொல்லிடுவாங்க! (சிரிப்பு) குழந்தை பெத்துக்கணும்னா அரசாங்கத்திடம் அனுமதி வாங்கணும். எல்லாம் ஒழுங்கு. எல்லாம் கணக்கு. எல்லாவற்றுக்கும் நிபுணர். எதிரணி கேட்கிற ஆட்சி முழுசா அங்கே இருக்கு.

அந்த நாட்டில் நிலா என்று ஒரு சாதாரணக் குடும்பப் பெண். திடீர்னு புருஷன் சிபியைக் காணோம். தேடிக்கிட்டுப் போறா. போகப் போக என்ன தெரியுது? ஜீவா என்று ஒரு ஆளே கிடையாது. எல்லாரும் கைகூப்பி நின்ற அந்தத் தலைவர் வெறும் ஒளியாலே உண்டாக்கின பிம்பம்! பின்னாலே ஒரு கூட்டம் உட்கார்ந்துகிட்டு ஆட்டிவைக்குது. யோசிச்சுப் பாருங்க, ‘பெரிய அறிவாளி, பெரிய வல்லுநர், அவர் பார்த்துக்குவார்’ என்று நம்பி ஒரு நாடே தூங்கியிருக்கிறது. பார்த்தால், அங்கே ஆளே இல்லை. கண்டுபிடிச்சது யார்? விஞ்ஞானியா? ஐ.ஏ.எஸ். அதிகாரியா? காணாமல் போன புருஷனைத் தேடிப் போன ஒரு பொண்டாட்டி! (கைதட்டல்) தாய்மார்கள் கைதட்டுறாங்க. எங்க வீட்டம்மாவும் அப்படித்தான். நான் எங்கே போனாலும் கண்டுபிடிச்சிடுவாங்க. (சிரிப்பு)

என்னைக் கேட்டால், அந்த நாவலை இலக்கிய நயத்துக்காகத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். நான் தமிழ் வாத்தியார்; குறை சொல்லாமல் இருக்க முடியாது. வாராவாரம் எழுதின அவசரம் சில இடங்களில் தெரியும். ஆனால் அதன் இரண்டாம் பாகம் இருக்கிறதே, ‘மீண்டும் ஜீனோ’, அதில்தான் இன்றைய பட்டிமன்றமே இருக்கிறது. ஜீவா போனபிறகு அந்தச் சாதாரண நிலாவை நாட்டுக்கு ராணியாக்கி உட்கார வைக்கிறார்கள். கிரீடம் அவள் தலையில். அதிகாரம்? ரவியும் மனோவும் பின்னால் நின்றுகொண்டு ஆள்கிறார்கள். அவள் பொம்மை.

எதிரணித் தலைவர் அம்மா இப்போ குறிப்பெடுக்கிறாங்க. ‘பார்த்தீங்களா, சாமானியப் பெண்ணை உட்கார வச்சா பொம்மையாத்தானே இருக்கா’ன்னு திருப்பிக் கேட்கப் போறாங்க. கேளுங்கம்மா. அதுக்குப் பதில் வச்சிருக்கேன். கடைசியிலே சொல்றேன், அதுவரைக்கும் எழுதினதை அழிச்சிடாதீங்க. (சிரிப்பு)

அதற்கு முன்னால் ஒரு செய்தி. ஓட்டே இல்லாத நாட்டைப் பற்றி இந்தக் கதையை எழுதினவர் யார்? சுஜாதா என்கிற ரங்கராஜன், பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். நம்ம ஊர் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. 1982-ல் கேரளத்துப் பறவூரில் முதன்முதலாக இந்தியத் தேர்தலில் மின்னணு இயந்திரத்தை வைத்தார்கள். பகலில் அலுவலகத்திலே குடிமகன் ஓட்டுப் போடுறதுக்கு இயந்திரம். ராத்திரி வீட்டிலே ஓட்டுப் போட முடியாத குடிமகனைப் பற்றி ‘இயந்திரா’! ஒரே ஆள், இரண்டு இயந்திரம். 1999-ல் ‘முதல்வன்’ படம் வந்ததே, ஒரு நாள் முதலமைச்சர், அதற்கு வசனமும் அவர்தான். கேமரா பிடிக்கிற ஒரு பையன் ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று தமிழ்நாடே தியேட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. சாமானியன் ஆளலாமா என்ற கேள்வி அந்த மனுஷனை விடவே இல்லை போலிருக்கிறது.

சரி. எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி ‘முகமது பின் துக்ளக்’கைக் கையில் எடுத்தார். சோ அவர்கள் 1968-ல் நாடகமாகப் போட்டு, 1971-ல் படமாகவும் வந்தது. நையாண்டி என்றால் அப்படி இருக்கணும். செத்துப்போன துக்ளக் சுல்தான் உயிரோடு எழுந்து வந்துட்டார்னு சொல்லி ஒருத்தனைக் கொண்டுவந்து, அவன் பிரதமரும் ஆகி, எம்.பி.க்களை எல்லாம் துணைப் பிரதமர் ஆக்கிடுவான். சிரிச்சு வயிறு புண்ணாகும். ஆனா தம்பி சொன்ன இடம் சிரிப்பு இல்லை. துக்ளக்காக நடிச்சவன் மகாதேவன் என்கிற ஒரு சாமானியன். கொஞ்ச நாள் நடிச்சு, மக்களுடைய கண்ணைத் திறந்துட்டு விலகிடணும்னுதான் நண்பர்கள் இரண்டு பேரும் பேச்சு. நாற்காலி ருசி கண்டபிறகு அவன் இறங்க மறுத்துட்டான். உண்மையைச் சொல்ல வந்த நண்பனைக் கூட்டமே சேர்ந்து அடிச்சுக் கொன்னுடுது. ‘இதுதான் சாமானியன் ஆட்சி’ன்னு தம்பி குரலை உயர்த்திக் கேட்டார்.

தம்பி, உங்க கேள்வியை நான் விளையாட்டா எடுத்துக்கலை. நியாயமான கேள்வி. சாமானியன் உத்தமன்னு நான் எங்கேயும் சொல்லலை. என் அணித்தலைவர் கொஞ்சம் அப்படிச் சொன்னார். அது அவருடைய நல்ல மனசு. (சிரிப்பு) நான் சொல்றது வேறே. மகாதேவன் கெட்டது அவன் சாமானியன் என்பதாலா? இல்லை. அவன் ராஜா வேஷத்திலே வந்ததாலே. சுல்தான்னு நம்பித்தானே ஜனங்க ஓட்டுப் போட்டாங்க? ‘என் பேரு மகாதேவன், பக்கத்துத் தெரு’ன்னு வந்திருந்தா ஒரு கணக்குக் கேட்டிருப்பாங்க. இரண்டாவது, அவனுக்கு ‘இறங்கு’ன்னு சொல்ல ஒரு தேதி இல்லை. தேதியும் கணக்கும் இல்லாத நாற்காலியிலே டாக்டர் பட்டம் வாங்கினவனை உட்கார வச்சாலும் அவன் துக்ளக்தான். நான் டாக்டர் பட்டம் வாங்கினவன், எனக்கே என் மேலே நம்பிக்கை இல்லை! (சிரிப்பு, கைதட்டல்)

இதை நான் கற்பனையாச் சொல்லலை. கல்லிலே வெட்டி வச்சிருக்கு. காஞ்சிபுரத்துக்குப் பக்கம் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. ஊரை 30 குடும்பாகப் பிரிக்கிறார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலை நறுக்கில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். குடவோலை! இது சோழர் காலத்தில் திடீரென்று முளைத்ததும் இல்லை. குடத்திலிருந்து ஓலை எடுக்கிற வழக்கத்துக்கு அகநானூற்றிலேயே குறிப்பு இருக்கிறது.

921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் என்ன விதி? வயது 35-க்கு மேலே 70-க்குள்ளே. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேலே இருக்கணும். சொந்த மனையில் வீடு இருக்கணும். வாரியத்தில் உட்கார்ந்தால் 360 நாள், முடிந்தவுடன் இறங்கணும். ஒருமுறை இருந்தவன் அடுத்த மூன்று வருஷம் குடத்துப் பக்கமே வரக் கூடாது. அதைவிடப் பெரிய விதி ஒன்று. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் பெயரை மட்டுமா? அம்மாவின் அக்கா தங்கை பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய்மாமன், சித்தப்பன் பெரியப்பன், கூடப் பிறந்தவன், மாமனார், பொண்டாட்டியின் கூடப் பிறந்தவன், அக்கா தங்கை புருஷன், மருமகன், அப்பன், மகன் - ஒருத்தன் பெயரும் கூடாது! (கைதட்டல்) மச்சானைக்கூட விடலை பாருங்க. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம்மாளுக்குத் தெரிஞ்சிருக்கு, பணம் முதலில் எந்த வழியாப் போகும்னு! (பலத்த சிரிப்பு)

ஒரு சின்னப் பையன் கை. எந்த ஓலை வரும்னு அவனுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. ஆனாலும் ஊர் பயப்படலை. ஏன்? உட்காரப் போறவன் எவ்வளவு புத்திசாலி என்று அவங்க முதலில் பார்க்கலை. எப்போ இறங்குவான், கணக்குக் கொடுப்பானா என்று பார்த்தாங்க.

ஆனால் நடுவர் ஐயா, உண்மையை மறைத்துப் பேசினால் என் தமிழ் எனக்குக் கசக்கும். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். அந்தக் குடத்திலே வேதம் படிச்ச, நிலம் வச்சிருந்த ஆண்கள் பெயர் மட்டும்தான் விழுந்தது. அந்தக் கால் வேலியில் இறங்கி நாத்து நட்டவன் பெயர் இல்லை. நட்டவள் பெயர் இல்லவே இல்லை. நாம ‘குடவோலை, குடவோலை’ன்னு மேடைக்கு மேடை மார்தட்டிக்கிறோம். நானும் தட்டியிருக்கேன். அப்பவெல்லாம் இதைச் சொல்லாம விட்டதுக்காக இன்றைக்குச் சேர்த்துச் சொல்றேன்.

அந்தப் பெயர்கள் குடத்துக்குள்ளே எப்போ விழுந்துச்சு? 1993 ஏப்ரல் 24. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள். அதையொட்டி 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 1996-ல் தேர்தல். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. தமிழ்நாட்டில் 2016-ல் அதைப் பாதி ஆக்கினோம். தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடிகளுக்கும் தலைவர் பதவி. எதிரணி ‘சாமானியன் ஆண்டால்... ஆண்டால்...’ என்று வருங்காலக் கதை மாதிரிப் பேசுறாங்க. நடந்துக்கிட்டிருக்குதுங்க! சுஜாதா நாவலுக்குப் போக வேண்டாம், உங்க ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்க.

‘நாடு’ என்றதும் நமக்கு டில்லி ஞாபகம், கோட்டை ஞாபகம். இதோ இந்தச் சேர்வராயன் மலை மேலே ‘நாடு’ என்றால் சில ஊர்கள் சேர்ந்தது. சேலநாடு, மோகநாடு, முட்டநாடு. மலையாளிப் பழங்குடி மக்கள் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஊருக்கு ஒரு ஊர்க்கவுண்டர். வெளியூரில் இருந்து பார்க்கிறவர்கள் மலையாளி என்றதும் கேரளா என்று நினைக்காதீங்க. இவங்க தமிழ் பேசுகிற மலைமக்கள். மலையை ஆள்கிறவர்கள் மலையாளி என்று நான் பொருள் சொல்லிக்கொள்வேன். சொல்லாராய்ச்சிப் பேராசிரியர்கள் சண்டைக்கு வரலாம்; வரட்டும், அடிவாரத்திலேயே நிறுத்தி வைக்கிறேன். (சிரிப்பு) ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித் தொகுதி.

படிக்காதவன் ஆளலாமா என்று கேட்டால் காமராசரைச் சொல்லாமல் இறங்கினால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், 1954 முதல் 1963 வரை ஒன்பது வருஷம் ஆண்டு, ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். அது உங்களுக்கே தெரியும், மேலே போகிறேன். ஓடந்துறை தெரியுமா? மேட்டுப்பாளையம் பக்கம். 2006-ல் அந்த ஊராட்சி சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கி, மின்வாரியத்துக்கே மின்சாரம் கொடுத்தது. கோட்டையிலே யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கலை. ஊராட்சித் தலைவரும் ஊரும் உட்கார்ந்து போட்ட கணக்கு. கடல் தாண்டிச் சொல்லணுமா? அயர்லாந்தில் 2016-ல் 99 சாதாரணக் குடிமக்களைக் குலுக்கல் மாதிரி பொறுக்கி எடுத்து உட்கார வைத்தார்கள். கூடத் தலைவராக ஒரு நீதிபதி. அரசியல்வாதிகள் பல வருஷம் தொடவே பயந்த கருக்கலைப்புச் சட்டத்தை அவர்கள் கையில் கொடுத்தார்கள். மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் வந்து விளக்கினார்கள். வழி சொன்னது அந்த 99 பேர். 2018-ல் நாடே ஓட்டுப் போட்டு அதை ஏற்றுக்கொண்டது. வக்கீல் ஐயா, டிரைவர் டிரைவராகவே இருந்தார். பலகை எழுதினது பயணி!

இதெல்லாம் சும்மா கிடைக்கலைங்க. மதுரை மாவட்டம் மேலவளவு. தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு என்று ஆனது. முருகேசன் என்பவர் நின்றார், வென்றார். 1997 ஜூன் 30. பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து அவரையும் அவரோடு வந்த சிலரையும் வெட்டிக் கொன்றார்கள். அவர் செய்த குற்றம், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் - பத்து வருஷம் தலைவரே இல்லாமல் கிடந்தன. நிற்க ஆள் வராது, வந்தால் ராஜினாமா. 2006-ல்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது.

(அமைதி)

‘சாமானியன் ஆண்டால் ஊர் சிரிக்கும்’ என்கிறார்களே, சிரிக்கலைங்க. ஊர் அரிவாளை எடுத்தது. அவனுக்கு ஆளத் தெரியாது என்று நினைத்திருந்தால் விட்டுவிட்டு வேடிக்கை பார்த்திருப்பார்கள். ஆளத் தெரிஞ்சிடும் என்கிற பயம்தான் அது. (பலத்த கைதட்டல்)

இப்போ எதிரணித் தலைவர் அம்மாவுக்கு நான் வச்சிருக்கிற கடன். நிலா ராணி, பின்னாலே ரவி, மனோ. நம்ம ஊரிலே தலைவி நாற்காலியிலே, பின்னாலே புருஷன். ‘தலைவர் வீட்டுக்காரர்’ என்று ஒரு பதவியே உண்டாகிப் போச்சு. அதுக்குச் சட்டத்திலே பிரிவு கிடையாது, சம்பளம் கிடையாது; ஆனா ஜீப்பிலே முன் சீட் உண்டு! (சிரிப்பு) காசோலையிலே தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் பணம் வரும். தலைவி வீட்டுக்காரர் சொன்ன இடத்திலே போடுவாங்க, துணைத் தலைவர் தனக்குப் பிடிச்சாத்தான் போடுவார். நடுவிலே ஊருக்குத் தண்ணி வராது. இதை நான் மறுக்கலைம்மா. என் கண்ணாலே பார்த்திருக்கேன்.

சில வருஷத்துக்கு முன்னாலே இந்த மலை மேலே ஒரு ஊர். பேர் வேண்டாம். பள்ளி விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. அழைப்பிதழிலே தலைவர்னு ஒரு பெண்மணி பேர். மேடையிலே ‘தலைவர்’னு எழுதியிருந்த நாற்காலியிலே மீசை வச்ச ஒருத்தர். (சிரிப்பு) பொன்னாடையும் அவருக்குத்தான். தலைவி அம்மா எங்கேன்னு கேட்டேன். சாப்பாடு எடுத்து வச்சுக்கிட்டிருக்காங்கன்னு சொன்னாங்க. போய்ப் பார்த்தேன். எனக்கு இலை போட்டது அந்த அம்மாதான். ‘நீங்கதானே தலைவர்?’னு கேட்டேன். ‘ஆமாங்க சார், ரசம் ஊத்தட்டுங்களா?’ன்னாங்க. சாப்பாடு தொண்டையிலே இறங்கலை எனக்கு.

அடுத்த வருஷம் அக்டோபர் 2, அதே ஊரிலே கிராம சபை. என் மாணவன் ஒருத்தன் அங்கே வாத்தியார், வாங்க சார்னு கூப்பிட்டான். மரத்தடியிலே மேசை. அதே நாற்காலி, அதே மீசை. அந்த அம்மா பொம்பளைங்களோட பாயிலே. பொறியாளர் வரைபடத்தை விரிச்சு, தண்ணித் தொட்டி எங்கே வருதுன்னு விளக்கினார். மட்டம், குதிரைத்திறன், குழாய் நீளம்னு என்னென்னமோ சொன்னார். எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன். டாக்டர் பட்டம் வாங்கினவனுக்குப் புரியலைன்னு காட்டிக்க முடியுமா? (சிரிப்பு)

பாயிலேயிருந்து ஒரு குரல். “ஏனுங்க சார், அந்த இடத்திலே தொட்டி வச்சா மேல்காட்டுக்கு எப்படிங்க தண்ணி ஏறும்?”

பொறியாளர், “அம்மா, மட்டம் எல்லாம் பார்த்துத்தான் போட்டிருக்கு”ன்னார்.

“எந்த மட்டமுங்க? கீழ்க்காட்டுக்குப் பார்த்திருப்பீங்க. மேல்காட்டுக்குப் போறதுக்கு முன்னாலே ஒரு மேடு இருக்குதுங்க. பாதை சுத்திப் போறதாலே உங்களுக்குத் தெரியாது. நான் இருபது வருஷமா அந்த மேட்டுலே குடம் சுமந்தவ. மூணு இடத்திலே இறக்கி வச்சுத்தான் ஏறுவேன். என் இடுப்புக்குத் தெரியுமுங்க அந்த மட்டம்.”

ஒரு சத்தம் இல்லை. பொறியாளர் நல்ல மனுஷன். வரைபடத்தைச் சுருட்டினார். “வாங்கம்மா, நேரிலே போய்ப் பார்க்கலாம்”ன்னார். போனாங்க. கூடவே நாங்களும் போனோம். அந்த மேட்டிலே ஏறி நின்னு கருவியை வச்சுப் பார்த்தார். திரும்பி வந்து வரைபடத்திலே போட்டிருந்த வட்டத்தை அடிச்சுட்டு, வேற இடத்திலே வட்டம் போட்டார்.

“இதுக்குத் தீர்மானம் போடணும், தலைவர் கையெழுத்து வேணும்”னு எழுத்தர் நோட்டை நீட்டினார். பழக்க தோஷம், மீசைக்காரர் பக்கம் நீட்டிட்டார். அவரும் பேனாவை எடுத்துட்டார். அந்த அம்மா பக்கத்திலே போய் நின்னாங்க. சத்தமே போடலை. “கொஞ்சம் எந்திரிங்க”ன்னாங்க.

அவர் எந்திரிச்சார். எங்கே உட்கார்றதுன்னு தெரியாம சுத்திப் பார்த்துட்டு, எனக்குப் பக்கத்திலே வந்து பெஞ்சிலே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு என் காதுகிட்டே, “ஏன் சார், இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?”னு கேட்டார்.

“நீங்க ஒரு நாளாவது அந்த மேட்டுலே குடம் தூக்கியிருக்கீங்களா?”ன்னேன்.

பதில் சொல்லலை. நாற்காலியைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா நோட்டை முதல் பக்கத்திலேயிருந்து திருப்பி, போன வருஷக் கணக்கை எழுத்தர்கிட்டே வரிவரியாக் கேட்டுக்கிட்டிருந்தாங்க.

நடுவர் ஐயா மணியைக் கையில் எடுத்துட்டார்.

(நீண்ட கைதட்டல்)